பிரான்சு பவுடர் பாய்

முத்தியால்பேட்டையில் வந்து அப்துல் கஃபார் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரான்சு பவுடர் பாய் வீடு என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டத்தை ஊர் கொடுத்ததாக அவர் சொல்லிக்கொள்வார். கொடுத்துக்கொண்டவர் அவரேதான்.

ஊறுகாய் ஜாடிகளுக்குப் பளபளப்புப் பூச்சு கொடுத்துச் சூளையில் வேகவைப்பது அவர் தொழில். ஜாடி வனைந்து கொடுப்பவர் சாமிக்கண்ணு. அதன்மேல் கண்ணாடி மாதிரிப் பச்சையாக உருகி ஒட்டிக்கொண்டு, உப்பும் எண்ணெயும் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது கஃபாரின் பூச்சு. வெள்ளைக்காரர் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஒரு முசேயிடம், அதாவது பிரெஞ்சுத் துரையிடம், பதினாறு வருஷம் இருந்து கற்ற வித்தை என்பார். கற்றது இவ்வளவுதான்: கப்பலில் வரும் தகர டப்பாவைத் திறப்பது, உள்ளே இருக்கும் பவுடரைத் தண்ணீரில் கரைப்பது, ஜாடியை முக்கி எடுப்பது. அந்தப் பவுடர் எதனால் ஆனது என்று முசே சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே!

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. மறுவருஷம் முசே கப்பலேறினார். போகும்போது கையைக் குலுக்கிவிட்டு அரை டப்பா பவுடரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரெல்லாம் சுதேசிப் பேச்சு தூள் பறந்த நேரம் அது. வீதி வீதியாகத் தோரணம் கட்டிய அதே ஆட்கள் கஃபாரிடம் வந்து, "பாய், இது பிரான்சு பூச்சுதானே? நம்மூரு சரக்கு கலக்கலியே?" என்று கேட்டுத்தான் ஜாடி வாங்கினார்கள். அவரும் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

அரை டப்பா ஆறு மாதம் வந்தது. புது டப்பாவுக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்கு விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பத்தில் பொருளின் பெயர் எழுத வேண்டும். பெயர் யாருக்குத் தெரியும்? கஃபார் மாற்று தேடி இறங்கினார். உமிச்சாம்பலைக் குழைத்துப் பூசினார். சொறி பிடித்த ஜாடிகள் வெளியே வந்தன. சூளைக்குள் உப்பை வாரிப் போட்டார். புகையில் தெருவே இருமியதுதான் மிச்சம். தட்டானிடம் நகை பற்றவைக்கும் வெங்காரம் வாங்கிப் பூசியதில் ஒரு வாரம் பளபளத்தது, அப்புறம் பாலாடையாக உரிந்தது.

"அந்த முசேகிட்டயே ஒரு வார்த்த கேட்டு வெச்சிருக்கலாமில்ல?" என்றாள் மனைவி சுரையா.

"அவருக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் கஃபார்.

மாற்று கிடைத்தது அவர் தேடிய இடத்தில் அல்ல. சூளை பற்றவைக்க மண்ணெண்ணெய் வைத்திருந்த பழைய பச்சை ஒயின் பாட்டில் ஒன்று, முசே வீட்டில் தூக்கிப்போட்டது, தவறிச் சூளைக்குள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் சூளையைப் பிரித்தபோது பாட்டிலைக் காணோம். செங்கல்மேல் பச்சையாக ஒன்று உருகி ஓடி இறுகிக் கிடந்தது. பதினைந்து வயது மகள் ஷாஜாதிதான் அதைக் கண்டாள். "அத்தா, இது நம்ம ஜாடிப் பச்சையில்ல?"

கஃபார் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "சோதிச்சுப் பாக்கத்தான் வெச்சிருந்தேன்" என்றார்.

பிறகு எல்லாம் அவள் கைவேலை. பச்சைப் பாட்டிலைச் சாக்கில் சுற்றி உடைத்து, திருகையில் தண்ணீர் விட்டு அரைத்து, மல்லுத் துணியில் வடிகட்டுவாள். மூன்று பங்கு கண்ணாடித் தூளுக்கு ஒரு பங்கு கிளிஞ்சல் சுண்ணாம்பு, கொஞ்சம் வெங்காரம், ஒட்டுவதற்கு ஒரு பிடி களிமண்ணும் கஞ்சியும். அளவைப் பிடிக்கவே நாலு மாதம் ஆனது. வெளியாளை வைத்தால் ரகசியம் போய்விடும் என்று மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவளே அரைத்தாள். விரலில் கீறல் இல்லாத நாள் கிடையாது. வெந்து வந்த ஜாடியில் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் வைத்தார்கள். ஒரு பொட்டுக் கசியவில்லை. கஃபார் அதைக் கடையில் வைத்து, "புதுக் கப்பல்ல வந்தது" என்றார்.

பச்சைப் பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்து தாகம் தீர்த்துக்கொண்டு போனார்கள். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு கஃபார் கோணியை எடுத்துக்கொண்டு ஒயின் கடைகளின் பின்கட்டுக்குப் போவார். வரும்போது கோணி கலகலவென்று பேசிக்கொண்டு வரும். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் படாத மனிதர்! தலையைக் குனிந்து, ஓரமாக, வேகமாக நடந்தார். நிமிர்ந்து நடந்திருந்தால்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஷாஜாதிக்குப் பதினெட்டானபோது சுல்தான்பேட்டை உசேன் பாய் தன் மகனுக்குப் பெண் கேட்டார். ஜவுளிக்கடைக்காரர், நல்ல குடும்பம். பையனை ஷாஜாதிக்கும் பிடித்திருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் கோணி கலகலத்த செய்தி சுல்தான்பேட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. உசேன் பாய் இரண்டு பெரியவர்களோடு நேரில் வந்தார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள்.

ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு உசேன் பாய் சொன்னார்: "ஜாடின்னா உங்க ஜாடிதான் பாய். எங்க வூட்டுல ஆறு இருக்குது. எங்கம்மா நோன்பு தொறந்துட்டு சாப்புட ஒக்காந்தா அதுல இருக்கிற எலுமிச்சங்காயத்தான் மொதல்ல கேப்பாங்க."

கஃபார் சிரித்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்று உசேன் பாய் குரலைத் தாழ்த்தினார். "நீங்க காலங்காத்தால பாட்டில் மூட்டையோட போறத நாலு பேரு பாத்திருக்காங்க. பொண்ணு தங்கமான பொண்ணு. அதனாலதான் உங்க வாயாலயே கேட்டுக்கலாம்னு வந்தேன். குடிக்கிறீங்களா?"

இல்லை என்று சத்தியம் செய்யலாம். அப்படியானால் அத்தனை பாட்டில் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால், உசேன் பாயின் தாயார் இத்தனை நாள் நோன்பு முடித்துச் சாப்பிட்டது மது பாட்டிலை அரைத்துப் பூசிய ஜாடியிலிருந்து என்று ஆகும். கல்யாணம் அங்கேயே முறிந்துவிடும் என்று பயந்ததாகத்தான் கஃபார் பிற்பாடு சுரையாவிடம் சொன்னார். உசேன் பாய் கோபப்பட்டிருப்பாரா, ஜாடியைக் கழுவி வைத்துவிட்டுச் சிரித்திருப்பாரா, யாருக்குத் தெரியும்? கஃபாரின் கண் போனது அந்தப் பெரியவர்கள் பக்கம். அவர்கள் வீட்டிலும் அவர் ஜாடி இருந்தது. நாளைக்கு ஊரே தன்னைப் பாட்டில் தூள் பாய் என்று கூப்பிடும். உண்மையான பயம் அதுதான்.

"குடிச்சேன்" என்றார். "இன்னியோட வுட்டுட்டேன்."

பரிமாறிக்கொண்டிருந்த சுரையாவின் கை அப்படியே நின்றது. திரைக்குப் பின்னால் ஷாஜாதி அத்தாவின் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அடுத்த வார்த்தையாக அவர் உசேன் பாய்க்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார்.

உண்மையை ஒத்துக்கொண்ட மனுஷன் என்று உசேன் பாய் கண்கலங்கினார். பள்ளிவாசலில் பத்துப் பேர் முன்னால், இனித் தொடமாட்டேன் என்று கஃபார் தௌபா செய்தார். குடிக்காதவர் குடியை விட்ட அதிசயம் அன்று நடந்தேறியது. நிக்காஹ் முடிந்தது. அதன்பிறகு ஒயின் கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. மருந்து பாட்டில்களைப் பொறுக்கி அரைத்தார். ஜாடி பழுப்பாக வந்தது. பிரான்சில் இப்போது இந்த நிறம்தான் என்றார். வாங்கியவர்களும் ஆமாம் என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மகள் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். உசேன் பாய் நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டில் பெண்களுக்கு வாய் உண்டு. குழம்பில் உப்புக் கூடினாலும், குழந்தை அழுதாலும், அவள் ஒரு நிமிஷம் அசந்து நின்றாலும் "குடிகாரன் வூட்டுப் பொண்ணு, வேற எப்பிடி இருக்கும்" என்பார்கள். கஃபார் கைகழுவப் போனபோது அடுப்படிப் பக்கமிருந்து அது அவர் காதிலேயே விழுந்தது. கேட்காதவர்போல் வந்து உட்கார்ந்தார்.

ஷாஜாதி பச்சை ஜாடியைத் தூக்கிவந்து ஊறுகாய் எடுத்து வைத்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"அத்தா, இதுக்கு அரைச்சது நானு. வாயத் தொறந்து ஒரு வார்த்த நான் சொல்லிருந்தா போதும். உங்க மொகத்துக்காகத்தான் சொல்லல. நீங்க எனக்காக ஒரு வாட்டி நெசத்தச் சொல்லுங்களேன். மாமா கோவிச்சுக்க மாட்டாரு."

அதே நேரம் உசேன் பாய் உள்ளே நுழைந்தார். "இன்னா, மவளும் அத்தாவும் ரகசியம் பேசுறீங்க?"

ஷாஜாதி அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஃபார் ஜாடியின்மேல் கையை வைத்தார். "பூச்சு எப்பிடி நிக்குது பாத்தீங்களா சம்பந்தி? நம்மூரு சரக்குல இதெல்லாம் வருமா?"

ஷாஜாதி அவர் கையை மெல்ல எடுத்துவிட்டு, ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் புறப்படும்வரை வெளியே வரவில்லை.