ஆறு நாள் என்று எழுதிய அத்தியாயம்

பன்னிரண்டிலிருந்து பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்காக இதுவரை மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன். மூன்றுமே இனி வரப்போகும் கெட்ட காலத்தைப் பற்றியவை. பள்ளிகளில் பேசக் கூப்பிடும்போது யாராவது ஒரு பிள்ளை எழுந்து, இந்தக் கற்பனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும். நிறைய படிப்பேன், செய்தித்தாள் பார்ப்பேன் என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுவேன். முதல் நாவலில் வரும் நகரம் நான் மட்டும் கட்டியதில்லை என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

கச்சிராயபாளையத்தில் நான் பதினோராம் வகுப்பு படித்தபோது பள்ளியில் நூலகத்துக்கென்று அறை கிடையாது. வேதியியல் ஆய்வகத்தின் மூலையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அந்த வருஷம் யாரோ நன்கொடையாக ஒரு பெட்டி புத்தகம் அனுப்பியிருந்தார்கள். பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு நாவல்கள், எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கானவை. வெயில் மங்கிப்போன உலகம், மழைக்கு அனுமதி வாங்கவேண்டிய ஊர், ஒன்றுமே ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாத மனிதர்கள். வகுப்புத் தலைவி என்று பீரோ சாவி என்னிடம் இருந்தது. அந்தப் புத்தகங்களைத் தேடி வந்தவள் என் வகுப்பில் ஒருத்திதான்.

அவள் அம்மா எங்கள் கழனியில் களை எடுக்கவும், கரும்பில் காய்ந்த சோகை உரிக்கவும் வருவார். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தங்கை. ஒரே ஊர்தான் என்றாலும் அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை. டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே வருவாள். ஒரு நாள் பாதி படித்த நாவலைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஏன், நல்லா இல்லியா?”

“நல்லாதான் இருக்குது. ஆனா எல்லாரும் கெட்ட காலம் வருது, கெட்ட காலம் வருதுன்னு பயந்துகினே இருக்காங்க. தண்ணிக்கு வரிசைல நிக்கறது, சொன்ன எடத்துக்கு வேலைக்குப் போறது. இதான் கெட்ட காலமா?”

“பின்னே இன்னா?”

“எங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்டினா சாதா கதைன்னு நெனச்சிக்கும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போ நாமே ஒன்று எழுதலாமே என்று அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கினோம். ஒற்றைப்படை அத்தியாயங்கள் எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. யாரும் பிரித்துப் பார்க்காமல் இருக்க அட்டையில் ‘விலங்கியல்’ என்று எழுதினோம். எங்கள் நகரம் கல்வராயன் மலையடிவாரத்தில், அணை வற்றிப்போன பிறகு கட்டப்பட்டது. அங்கே பதினாறு வயது முடிந்த பெண்களுக்கு ஒதுக்கீட்டுச் சீட்டு வரும். எந்தக் கட்டடம், யாரோடு, என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும். மலைக்கு மேலே இருப்பவர்கள் யார் கணக்கிலும் கிடையாது. மலையை எழுதும் வேலை முழுக்க அவளுடையது. அவள் ஒரே ஒரு முறை, அப்பா உயிரோடு இருந்தபோது, கடுக்காய் மூட்டை ஏற்றப் போன லாரியில் மேலே போய் வந்திருந்தாள். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினாள்.

என்னைவிட அவள் நன்றாக எழுதினாள். இதை அப்போதே நான் அறிந்திருந்தேன், ஆனால் ஒத்துக்கொண்டதில்லை. என் அத்தியாயங்களில் இயந்திரங்கள் பறக்கும், சுவர்கள் இடியும். அவளுடைய கதாநாயகி இயந்திரத்துக்குப் பயப்பட மாட்டாள். பழத்தட்டோடு சிரித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் பயப்படுவாள். ‘இது என்ன பயம்’ என்று நான் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவேன். குறை சொல்வது என் வழக்கமாகிவிட்டது. அவளும் சளைக்காமல் திருத்துவாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நோட்டை என் மடியில் வைத்தாள். பன்னிரண்டாம் அத்தியாயம், நாலே பக்கம். கதாநாயகிக்குச் சீட்டு வந்துவிடுகிறது. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எதிர்ப்புறம் உயரமான வீட்டில் அவளுடைய தோழி இருக்கிறாள். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் சீட்டு கொடுத்தவர்கள் கேட்பார்கள். கதாநாயகி மூன்று முறை அந்த வீட்டு வாசல் வரை போகிறாள். மூன்று முறையும் திரும்பி வந்துவிடுகிறாள். அத்தோடு அத்தியாயம் முடிந்திருந்தது.

மதிய இடைவேளையில் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தேன். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை. ‘ரொம்ப வேகம். ஆறு நாளில் ஒன்றும் நடக்காது, பத்து நாளாக மாற்று. வாசல் வரை வந்தவள் ஏன் உள்ளே போகவில்லை? காரணம் போதாது.’

சாயங்காலம் நோட்டைக் கொடுத்தேன். பஸ் வரும்வரை நின்றுகொண்டே படித்தாள். படித்த பிறகும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவமா?” என்று கேட்டேன்.

“இல்ல. கரெக்டாதான் சொல்லியிருக்க.”

“அப்ப மாத்தி எழுதிக் குடு.”

“நீயே வச்சிக்கோ. எனக்கு இனிமே எழுத நேரம் இருக்காது.”

தேர்வுக்குப் படிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டைப் பையில் போட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா மடித்த துணிகளை பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சைப் புடவை எங்கே என்று எதற்கோ கேட்டேன்.

“அத குடுத்துட்டேன். சோகை உரிக்க வர்றாளே, அவ பொண்ணுக்குக் கல்யாணம். திங்கக்கெழம வந்து சொன்னா.”

“எந்தப் பொண்ணுக்கு?”

“பெரிய பொண்ணுதான். உங்கூடப் படிக்குதே. மாப்பிள்ள வூடு திருக்கோவிலூர் பக்கமாம். நாளைக்கிக் காத்தால முகூர்த்தம்.”

“அவளுக்குப் பதினேழுதாம்மா ஆவுது.”

“அதுக்கு? அப்பன் இல்லாத பொண்ணு. அவங்க வூட்டு காரியத்துல நாம போயி இன்னா சொல்றது?”

என் அப்பா கூடத்தில்தான் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவளுடைய அம்மா கேட்டிருப்பார். கேட்காமல் இருக்க முடியாது. நான் உள்ளே போய் நோட்டை எடுத்து அந்த நாலு பக்கத்தையும் மறுபடி படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டு சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“மத்தியானமே வேன் வச்சிகினு போயிட்டாங்க பாப்பா. நீ போவலியா?”

பிள்ளைகள் ஆபத்தில் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் எங்கள் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. எனக்கு மனப்பாடம். அப்பாவின் செல்போன் வீட்டில் மேசைமேல் இருந்தது. அந்தச் சாயங்காலம் முழுவதும் நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. இப்போது எத்தனையோ விதமாகக் காரணம் சொல்லிப் பார்க்கிறேன். பயம் என்பதுதான் உண்மை. என்ன ஆகிவிடும் என்று பயந்தேன் என்பது மட்டும் இன்றைக்கும் விளங்கவில்லை.

அதன் பிறகு நான் கல்லூரிக்குப் போனேன், சென்னையில் வேலைக்குப் போனேன், எழுதத் தொடங்கினேன். முதல் நாவலை அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவளுடைய பன்னிரண்டாம் அத்தியாயத்தை அப்படியே சேர்த்தேன், நான் சொன்ன திருத்தங்களோடு. ஆறு நாள் பத்து நாளானது. வாசல் வரை வந்தவள் உள்ளே போனாள். தோழி கதவைத் திறந்தாள். இருவரும் மலை ஏறித் தப்பித்தார்கள். அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்துப்போனது.

போன வருஷம் திருக்கோவிலூரில் ஒரு பள்ளியில் பேசிவிட்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதின்மூன்று வருஷம் கழித்தும் பார்த்தவுடன் தெரிந்தது. தோளில் ஒரு துணிப்பை. விடுதிச் சமையலறையில் வேலை செய்வதாகச் சொன்னாள். ஒரு பெண், ஒரு பையன். பெரியவள் ஏழாவது படிக்கிறாள்.

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். அவள் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை.

“உங்க புக்கு படிச்சேன். பாப்பா இஸ்கூல்லேர்ந்து எடுத்தாந்திச்சி. அட்டைல போட்டோ பாத்துட்டுத்தான் வாங்கிப் படிச்சேன்.”

“அதுல பாதி உன்னுது. அடுத்த பதிப்புல உன் பேரையும் போடச் சொல்றேன்.”

“வாணாங்க. அவரு பாத்தா இன்னா ஏதுன்னு கேப்பாரு.”

“அன்னைக்கி எனக்குப் புரியல. நெசமா புரியல.”

“தெரியும். நாந்தான் நேராவே சொல்லியிருக்கணும். எங்கம்மா உங்க கழனில வேல செஞ்சிகினு இருந்திச்சி. எப்படிச் சொல்றது?” சொல்லிவிட்டுப் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “ஆறு நாளுதான் இருந்திச்சி. நீங்க பத்துன்னு போட்டிருக்கீங்க. எங்க பாப்பா கேக்குது, பத்து நாளு இருந்துச்சே, போலீசுக்குப் போயிருக்கலாம் இல்லன்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“கதைன்னா அப்டிதான்னு சொன்னேன்.”

கட்டணமில்லாத பஸ் ஒன்று வந்து நின்றது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அதுதான் தன் ஊருக்குப் போகிற பஸ் என்றாள். மகளுக்குப் படிக்க வேறு ஏதாவது புத்தகம் அனுப்பட்டுமா என்று அவசரமாகக் கேட்டேன்.

“அனுப்புங்க,” என்றாள் படியில் நின்றுகொண்டு. “விடுதி வெலாசத்துக்கு அனுப்புங்க, வூட்டுக்கு வாணாம்.”

விலாசத்தைச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவள் ஊர்ப் பெயரும் தெரியவில்லை. மறுவாரம் திருக்கோவிலூரில் மூன்று விடுதிகளில் விசாரித்தேன். அப்படி யாரும் சமையலில் இல்லை என்றார்கள். அங்கிருந்து கிளம்பி வந்த பிறகு நான் இன்னும் ஒரு புதிய அத்தியாயம்கூட எழுதவில்லை.