சிவப்பு அசைந்தால் சுடு

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வடை தின்றுகொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரு காட்டுச்சேவல் கூவியது. சட்டென்று குனிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்னி சட்டையெல்லாம். நரை விழுந்த ஆள் பட்டப்பகலில் கோழிச் சத்தத்துக்குப் பதுங்கினால் சுற்றி நிற்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? நன்றாகவே சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பூங்காவனம் அக்கா, கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார். கூவியது அவருடைய செல்போன்.

வீட்டுச்சேவல் இழுத்துக் கூவும், உங்களுக்கே தெரியும். காட்டுச்சேவல் அப்படியில்லை, வெடுக்வெடுக்கென்று நாலு துண்டாகக் கூவி நிறுத்திவிடும். அதைக் கேட்டால் அடுத்து வெடிச்சத்தம் வரப்போகிறது என்று என் உடம்பு தானாகவே பதுங்குகிறது. நான் என்ன செய்யட்டும்?

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஏறும்போது ஆட்கள், இறங்கும்போது மரவள்ளிக்கிழங்கு மூட்டை. மேலே தங்க நேர்ந்தால் வெள்ளையண்ணன் வீடுதான். பூங்காவனம் அக்காவின் புருஷன். தங்கமான மனுஷன், ஆனால் அவருக்குத் துப்பாக்கிக்கு அப்புறம்தான் பொண்டாட்டி. ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. லைசென்சா? அதெல்லாம் கேட்கக் கூடாது. கட்டையை விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்து வழவழவென்று வைத்திருப்பார். குழல் வாய்வழியே கருமருந்து, தேங்காய் நார், ஈயக் குண்டு எல்லாம் போட்டுக் கம்பியால் இடிப்பார். பற்றவைக்கத் தீபாவளிப் பொட்டு வெடி. அவர் சட்டையில் எப்போதும் கந்தக நெடி அடிக்கும்.

"எனுக்கு ஒருநாளு தலைக்கி எண்ண வச்சி வுட்டிருப்பாராடா இந்த ஆளு?" என்று அக்கா பொருமுவார்.

காட்டுச்சேவலைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் அது மகா ரோஷக்காரப் பறவை. தன் எல்லையில் இன்னொன்று கூவினால் பொறுக்காமல் சண்டைக்கு வந்து நிற்கும். வேட்டையே அதுதான். ஒருவன் புதருக்குள் உட்கார்ந்து சேவல் மாதிரிக் கூவ வேண்டும், இன்னொருவன் எட்டத்தில் துப்பாக்கியோடு காத்திருக்க வேண்டும். சாம்பல் உடம்பு புதரில் தெரியாது. கொண்டை மட்டும்தான் தெரியும். "செவப்பு அசைஞ்சா சுடு. யோசிச்சிக்கினு இருந்தின்னா பூடும்" என்பார் வெள்ளையண்ணன். அதனாலேயே வேட்டைக்குப் போகிறவன் சிவப்பில் ஒரு நூல்கூட உடம்பில் வைத்துக்கொள்ள மாட்டான்.

கூவுவதில் அக்காவின் தம்பி சடையனை அடித்துக்கொள்ள ஆளில்லை. தாய்வீட்டுத் திருவிழாவுக்கு அக்காவை அழைக்க ஒரு சாயங்காலம் வந்தான். வந்த சூட்டோடு கூவிக் காட்டினான். அக்கா அதைப் புதுப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு பெருமையில் பூரித்துப்போனார். மச்சானுக்கு வீட்டுக்கோழிக் குழம்பு போடுவது வெள்ளையண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினோம்.

நானும் சடையனும் ஒரு புதரில், அவர் எதிர்ச்சரிவில். சடையன் கூவினான், தூரத்தில் பதில் வந்தது. மறுபடி கூவினான்; பதில் நெருங்கியது. பனி கொட்டியது. தொண்டை நடுங்கினால் கூவல் கெட்டுவிடும் என்று, கூவுகிற மும்முரத்தில் நிறத்தை மறந்து, மடியிலிருந்த துண்டை உருவிக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். மாரியம்மன் கோயிலில் போர்த்திய சிவப்புத் துண்டு. நான் பார்த்து வாயைத் திறப்பதற்குள் தலையை நீட்டி இன்னொரு முறை கூவினான்.

வெடித்தது. என் முகத்தில் சூடாக ஏதோ அடித்தது. நாக்கில் பட்ட பிறகுதான் ரத்தம் என்று தெரிந்தது. சடையன் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். கழுத்திலிருந்து ரத்தம் குபுகுபுவென்று வந்தது. மூச்சும் அந்த ஓட்டை வழியாகவே நுரைத்துக்கொண்டு வந்தது.

"வுழுந்துச்சி! வுழுந்துச்சி!" என்று வெள்ளையண்ணன் கத்தியும் கையுமாக ஓடிவந்தார். உயிர் போவதற்குள் அறுக்க வேண்டுமே, அதற்காக. புதரை விலக்கியவர் அப்படியே நின்றார். பிறகு தோளில் கிடந்த துப்பாக்கியைக் குழலில் பிடித்துப் பாறைமேல் அடித்தார். கட்டை சிதறி, கை கிழிந்து தொங்கியும் நிறுத்தவில்லை. நான்தான் ஓங்கிக் கன்னத்தில் அறைந்தேன். "உசுரு இருக்குதுய்யா, தூக்கு!"

மலையிறக்கத்தில் ஜீப்பை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பின்னால், வீட்டு வாசலில் ஏறிக்கொண்ட அக்கா தம்பியின் கழுத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புருஷனைக் காலால் உதைத்துக்கொண்டே வந்தார். "பாவி! என் தம்பிய கோழின்னு சுட்டுட்டியே!" வெள்ளையண்ணன் விலகவில்லை. ஒவ்வொரு உதைக்கும் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

சடையன் பிழைத்தான். குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர், "யாருடா சுட்டது?" என்று கேட்டார். சடையன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். கதவோரம் நின்ற வெள்ளையண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கதறினார்.

பஸ் ஸ்டாண்டில் போன் இன்னும் கூவிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னாக்கா இது, இத்த மாத்தக் கூடாதா?"

"எதுக்குடா மாத்தணும்? இது என் தம்பி கொரலு. துப்பாக்கி பூட்ச்சி, வேட்ட பூட்ச்சி, அவன் பேச்சும் பூட்ச்சி. இது ஒண்ணுதான் மிச்சம். அவன் போன் பண்ணா மட்டும் இது கூவும். உங்க அண்ணன் வூட்ல இருக்கசொல்ல சத்தத்த கம்மி பண்ணிடுவன். காதுல வுழுந்துதுன்னா அன்னிக்கி அவுருக்கு சோறு எறங்காது."

போனைக் காதில் வைத்தார். "சடையா, பஸ்டாண்டுல கீறன்டா. சாப்ட்டியா? சாப்ட்டன்னா தட்டு."

பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. டொக்.