ஒருமுறை கூப்பிடுவார்

மாலை லோக்கலில், பெண்கள் பெட்டியில்தான் அந்த அம்மாவைப் பார்ப்பேன். நெடுநெடுவென்ற உருவம், ஏற்றிக் கட்டிய புடவை. இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி கிளம்பியதும் நடுவில் நின்று "புஜ்ஜி" என்று ஒருமுறை கூப்பிடுவார். யார் திரும்புகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்ப்பார்.

என் வீட்டில் எனக்கும் அதுதான் செல்லப்பெயர். ஒருநாள் கொரட்டூர் தாண்டும்போது அசதியில் திரும்பிவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் என் முகவாயை இறுகப் பிடித்தார். காதை மடக்கிப் பின்னால் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சம் இல்ல. நீ இல்லம்மா" என்று கையை எடுத்தார்.

"போட்டோ காட்டிக் கேக்கலாமேம்மா?"

"எம் பொண்ணோட மூணு வயசு போட்டோதான் கீது. இப்ப உன் வயசு இருக்கும். ஆவடி ஸ்டேஷன்ல என் கண்ணு முன்னால வண்டில ஏறிட்டா. மாராப்புல குத்த ஊக்க வாயில கவ்விகினு இருந்தேன். அத்த எடுத்துட்டு கூப்புடறதுக்குள்ள வண்டி போயிட்ச்சி. கூப்ட்டிருந்தா திரும்பியிருப்பா."

இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஆனால் காலையில் நான் புடவை கட்டும்போது என் மகள் வாசல் பக்கம் நகர்ந்தால், வாயிலிருக்கும் ஊக்கைத் துப்பிவிட்டு அவளைக் கூப்பிடுகிறேன். அவள் திரும்பிப் பார்க்கும்வரை எனக்குக் கை ஓடுவதில்லை.