மலையைப் பார்த்துச் சொல்

நாம் உட்காரும் நாற்காலியைத் தன் முகத்துக்கு எதிரே போடமாட்டார் மங்கை டீச்சர். தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பி வைப்பார். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லாதம்மா. மலையப் பாத்துச் சொல்லு." வெளியே ராஜகிரி, பாறை மேல் பாறையாக. அவர் நமக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு மணி நேரத்துக்கு அவர் முகமே தெரியாது.

செஞ்சிப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் சிலர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தனித்தனியாக அவரிடம் போகிறோம். பிள்ளைகள் எங்களிடம் சொல்வதை வீட்டில் பேச முடியாது, ஸ்டாஃப் ரூமில் பேச முடியாது. இறக்கிவைத்து, செய்தது சரிதானா என்று யோசிக்க ஓர் இடம் வேண்டுமே. மங்கை டீச்சர் அந்தப் பொறுப்பை இருபது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர் ஒருவரின் மாடி அறையை இதற்காகக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

வறுத்த மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்பார். நம் பிடரிக்குப் பின்னால் கடலைத்தோல் நொறுங்கும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். எதையாவது மறைத்தால் நின்றுவிடும். எப்படித்தான் தெரிகிறதோ. அழுதால் அழாதே என்று சொல்லமாட்டார். தப்புப் பண்ணிட்டேன் டீச்சர் என்று ஆரம்பித்தால், "தப்ப அப்பறம் பாக்கலாம். அப்ப உன் கை எங்க இருந்துச்சி, அத சொல்லு," என்பார்.

போன மாதம் என் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் ஒன்று சொன்னாள். என்னவென்று இங்கே எழுதமாட்டேன். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். விழுப்புரத்தில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள், நன்றாக இருக்கிறாள். ஆனால் வருகை எடுக்கும்போது பழக்கத்தில் அவள் பெயரையும் கூப்பிட்டுவிடுவேன். இந்த வாரம் புதன்கிழமை அதற்குப் பதில் வந்தது. சன்னலோரப் பெஞ்சிலிருந்து, சன்னமாக, "உள்ளேன் டீச்சர்." வியாழனும் வெள்ளியும் அதே குரல். நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு, மூன்று நாளும் வந்ததாகவே குறித்துவிட்டேன்.

சனிக்கிழமை இதை மலையைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு மூளை கலங்கிடுச்சி டீச்சர். பொறுப்பு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

பின்னால் சத்தம் நின்றிருந்தது.

"அந்த பெஞ்சில இப்ப யாரு குந்துது?"

"நிலா மட்டுந்தான். போன பொண்ணோட ஃபிரண்டு."

"நிலா உங்கிட்ட எப்பனா வந்தாளா?"

வந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எல்லோரும் போனபிறகு, என் மேசை மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். "இன்னாம்மா?" என்றேன். இன்னும் சுரண்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சி, நாளைக்கு வா," என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அவள் என் மேசைக்கு வராதது எனக்கு அப்பாடா என்று இருந்தது. இன்னொன்றைக் கேட்கத் தெம்பில்லை. மலையைப் பார்த்து அதையும் சொன்னேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மழை மேகம் கவிந்து மலை கருத்துக்கொண்டு வந்தது.

"பேயும் இல்ல, மூளைக் கோளாறும் இல்ல," என்றது பின்னாலிருந்து குரல். "அது நிலாவாத்தான் இருக்கும். நாளைக்கு வான்னு சொன்ன இல்ல, வந்துட்டா. மூணு நாளா உன்னத்தான் கூப்டுது அந்தப் புள்ள. இப்ப எங்க இருப்பா?"

"சிங்கவரத்துல, வூட்ல. நாலரைக்கு இங்க செஞ்சிக்கு டியூஷன் வருவா."

"வூட்டுக்குப் போவாத. டியூஷன் வாசல்ல நில்லு. நீயா எதுவும் நோண்டாத. அவ சொன்னா கேளு."

ஒரு மணி நேரம் முடியாமல் யாரையும் எழவிடாதவர் அவர். அன்று பாதி நேரம்கூட ஆகவில்லை. நான் மலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் கதவு திறந்தது. அறுபத்துமூன்று வயது மங்கை டீச்சர், வெளியே கழற்றிப் போட்டிருந்த என் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து வந்து, குனிந்து, என் காலடியில் வாசலைப் பார்க்க வைத்தார்.