நடிக்கிற முள்ளை நம்பாத சுகந்தி மேடம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். சுகந்தி மேடத்தை அறிந்தவர்களுக்குச் சில இடங்களில் கோபம் வரலாம். எனக்கும் அவர் மேல் கோபம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை எங்கள் அபிராமபுரம் அடுக்ககத்தின் வாட்ச்மேன் வந்து மணி அடித்தார். "மூணாவது மாடி மேடம் பூட்டாங்கம்மா. காத்தால நான்தான் பேப்பர் குடுத்தேன்" என்றார். மாரடைப்பு. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்பதுதான் முதலில் தோன்றியது.

மேடம் விமானப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அக்கா வித்யா விமானி ஆகப் படிக்கிறாள். வெளியே எதையும் பார்க்காமல், எதிரே உள்ள கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிக் காட்டும் தேர்வில் அவள் ஒருமுறை தோற்றுவிட்டாள். இரண்டாம் முறையும் தோற்றால், ஒரு விமான நிறுவனம் அவளுக்கு வைத்திருந்த இடம் போய்விடும். அதனால் ஒரு மாதம் வீட்டுக்கு வந்து, தினமும் மாலை மேடத்தின் கணினியில் ஓட்டிப் பழகினாள். நானும் கையில் ஒரு கதைப் புத்தகத்தோடு வேடிக்கை பார்க்கப் போனேன்.

முதல் நாளே "ஆன்ட்டி" என்றேன். "எனக்கு உங்கம்மா தங்கச்சி இல்ல. மேடம்னு சொல்லு" என்றார்.

ஒருநாள் அக்காவைச் சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்காரவைத்துச் சுற்றினார். நிறுத்திவிட்டு, "இப்ப எந்தப் பக்கம் சுத்தறே?" என்றார். "இடப்பக்கம்" என்றாள் அக்கா. நான் சிரித்தேன். உடனே என்னை உட்காரவைத்தார். நானும் அதையேதான் சொன்னேன். கண்ணைத் திறந்தால் நாற்காலி அசையாமல் நின்றது. "சுத்தறோமா நிக்கறோமான்னு சொல்றது காதுதான். புத்தகம் படிக்கிறவங்க காதும் பொய்தான் சொல்லும்" என்றார். அவர் கணவர், அக்கா, அங்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண் என எல்லோரும் சிரித்தார்கள்.

திரையின் மேல்பாதியில் வானமும் ஓடுபாதையும் தெரியும். அதை மறைக்க மேடம் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். அக்கா தினமும் திட்டு வாங்கி அழுதுகொண்டே படியிறங்குவதைப் பொறுக்க முடியாமல், நான் பென்சில் முனையால் அதில் ஒரு ஓட்டை போட்டேன். அன்று அக்கா மிக அழகாகத் தரையிறக்கினாள். மேடம் பாராட்டவில்லை. தாளைப் பிய்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"யார் வேலை இது?"

"நான்தான் மேடம்."

"நிஜ மேகத்துல ஓட்டை போட நீ கூடவே போவியா? உங்கக்காவைக் கொல்லப் பாக்கறே. வெளிய போ."

எனக்குப் பதின்மூன்று வயது. அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதன்பின் வாசற்படியில் நின்றுதான் பார்த்தேன்.

அங்கிருந்து பார்த்ததுதான் இது. மேடம் அக்காவுக்குத் தெரியாமல், கணினியில் உயரம் காட்டும் முள்ளை உறையவைத்தார். முள் இரண்டாயிரம் அடியிலேயே நின்றது. அக்கா அதை நம்பி இறங்கிக்கொண்டே போய்த் தரையில் மோதினாள். "வேலை செய்யாத முள்ளை ஒரு காகிதம் ஒட்டி மறைச்சுட்டா, மீதியை வெச்சு ஓட்டிடலாம். நல்லா இருக்கற மாதிரி நடிக்கிற முள்தான் ஆளைக் கொல்லும்" என்றார் மேடம்.

அவர் இறந்தபோது அக்கா பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். திங்கட்கிழமை தேர்வு. "டெஸ்ட் முடியற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் அப்பா. ஞாயிறு மாலை அக்கா கூப்பிட்டாள். மேடம் போனை எடுக்கவில்லையாம். "கல்யாணத்துக்குப் போயிருக்காங்கடி, அங்க சிக்னல் இல்ல" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே. பிறகு போன் என் கைக்கு வந்தது.

"ஏய், மேடம் என்னைப் பத்தி எதாவது சொன்னாங்களா? நாளைக்குத் தேறுவேன்னு?"

அம்மாவின் சிரிப்பு எனக்கு அந்த உறைந்த முள்ளைப் போல இருந்தது. "மேடம் செத்துட்டாங்க அக்கா. நேத்து காலைல" என்றேன். அப்பா போனைப் பிடுங்கினார். அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

அவளே பேசித் தேர்வை வியாழனுக்குத் தள்ளிவைத்தாள். திங்கள் முழுக்க அழுதாளாம். வியாழன் தேறினாள். "அவ பாஸ் பண்ணதால நீ தப்பிச்சே" என்றார் அப்பா. அதன்பின் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அக்கா தோற்றிருந்தால் நான் செய்தது சரி என்று சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியாது.

நேற்று அடுக்கக அரங்கில் இரங்கல் கூட்டம் நடந்தது. மேடம் எப்போதும் சிரித்த முகம் என்று செயலாளர் பேசினார். அப்படியெல்லாம் இல்லை. எனக்கு மைக் தரவில்லை. கூட்டம் கலைந்ததும் மேடத்தின் கணவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நீ ஒண்ணும் பேசலியா?"

"நான் நல்லதா சொல்ல மாட்டேன் அங்கிள்."

"அவளும் உன்னைப் பத்தி ஒருநாளும் நல்லதா சொன்னதில்ல" என்று சிரித்தார். மேடம் இறந்த பிறகு அவர் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். "எழுது. அப்படியே எழுது" என்றார்.

எனக்கு மேடத்தைப் பிடிக்காது. நடிக்கிற முள்ளைப் பற்றி அவர் சொன்னது சரி. இந்த இரண்டையும் வைத்துக்கொள்கிறேன், ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைக்காமல். நாங்கள் எழுந்ததும் வாட்ச்மேன் நாற்காலிகளை அடுக்கிவிட்டு விளக்குகளை அணைத்தார்.