ஒருநாள் விட்டு ஒருநாள்

‘அமைதியும் நிதானமும் நிறைந்த யோகா பயிற்றுநர்’ என்கிறது விஜயகலாவின் சான்றிதழ். பயிற்சிக்குப் போன எல்லாருக்கும் அதே வாசகத்தைத்தான் அச்சடித்திருக்க வேண்டும். தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் விஜயகலா நடந்து பார்த்தவர் எவருமில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறார்கள். விடிந்ததும் இறப்பர் மரங்களில் பால்வெட்டு. மதியத்துக்கு மேல் கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், சிங்களத்தில் தடுமாறுகிறவர்களுக்குத் துணையாகக் கரவனெல்ல ஆஸ்பத்திரி. ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் யோகா வகுப்பு. அதற்கும் மூச்சிரைக்க ஓடிவந்துதான் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பார்.

ஒரு ஞாயிறு, பாடம் பிரம்மச்சரியம். சொல் வாயிலிருந்து வந்ததுமே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அப்ப வீட்டுக்காரர எங்க அனுப்புறது, டீச்சர்?” என்றாள் ஷாமிளா. விஜயகலாவுக்கு அடுத்த வரிசை மரங்களில் பால் வெட்டுகிறவள் அவள்.

“அட, அது மட்டும் இல்லடி. நம்ம சக்தி வாய் வழியா, கோவம் வழியா, ஓடுற ஓட்டத்துல எல்லாம் சிந்துது. சிந்தாம, தேவைக்குச் செலவு பண்ணணும். பட்டினியும் கெடக்க வேணாம், வயிறு முட்டவும் வேணாம்.”

பாடத்தில் பிற்பாதி மண்டபத்திலேயே தங்கிவிட்டது. முற்பாதி மட்டும் அவருக்கு முன்பே லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“நான் என்னா தப்பு செஞ்சேன்?” என்று கேட்டார் கணவர் கஜேந்திரன். “அத சபையில வச்சுத்தான் சொல்லணுமா?”

அப்போதே விஜயகலாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. “கைக்கு ஓய்வு குடுக்கலேன்னா கத்தி பிடிக்கிறதையே மறந்துருங்க” என்று டாக்டர் சிங்களத்தில் சொல்லியிருந்தார். ஊராருக்கெல்லாம் டாக்டர் சொன்னதைச் சொல் பிசகாமல் தமிழில் சொல்கிறவர், இதை மட்டும் வீட்டில் “தைலம் பூசச் சொன்னாரு” என்று மொழிபெயர்த்தார்.

மறுவாரம் மழை. பால்வெட்டு நின்றது. வெயில் வந்த மறுநாளே கங்காணிக்கு அவசரம் வந்தது.

“மழையில போனத புடிக்கணும். நேத்து வெட்டுன மரத்தையும் இன்னைக்கு வெட்டுங்க.”

“முடியாதுங்க,” என்றார் விஜயகலா. “ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஆசப்பட்டு தெனமும் வெட்டுனா பட்டை காஞ்சுபோகும். அப்புறம் பால் ஏது? வெறகுதான்.”

கங்காணி முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போனார். ஷாமிளா போகவில்லை.

“மரத்துக்கு லீவு கேட்டு சண்ட போடுறியேக்கா, ஒன் கைக்கு யாரு சண்ட போடுவா? கத்திய எந்தக் கையில புடிச்சிருக்கன்னு பாரு.”

கத்தி இடது கையில் இருந்தது. விஜயகலா அதை வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் ஓடாமல் நடந்து போனதே அன்று தோட்டம் முழுக்கச் செய்தி.

அடுத்த ஞாயிறு கோயில் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணை கேட்டு அடுத்த வீட்டு மூக்காயி வந்தாள். கஜேந்திரன் வாசலில் நின்று, “அவ தூங்குறா” என்றார். இருவரும் நம்பவில்லை, எட்டிப்பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வகுப்பை ஷாமிளா நடத்தினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஆசனம் சவாசனம். எல்லாரும் படுத்தார்கள், ஒருத்தி குறட்டையும் விட்டாள்.

விஜயகலா செய்தது இவ்வளவுதான்: டாக்டர் சொன்னதைக் கணவரிடம் உள்ளபடி சொன்னார், கை ஆறும்வரை லீவு போட்டார், அந்த ஞாயிறு பொழுது சாயும்வரை தூங்கினார்.