நான்கு ஊக்குகள்

என் மகளுக்கு ஆட்டிசம். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவாள். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு மர வேஷம் கொடுத்தார்கள்.

"கைய ஆட்டாம நின்னா போதும் மேடம். எல்லா பேரன்ட்ஸும் வீடியோ எடுப்பாங்க," என்றார் மிஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் "சரி மிஸ்" என்றுதான் சொன்னேன்.

மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் விழா. மேடைக்குப் பின்னால், அவளுடைய வாடகை உடையின் கைப்பகுதியை இடுப்போடு சேர்த்து ஊக்கு குத்தினேன், பக்கத்துக்கு இரண்டு. அவள் முனகினாள். "கொஞ்ச நேரம்தான்டா," என்றேன்.

முகத்தில் பச்சை பூச வந்த கோடம்பாக்கத்து மேக்கப்காரர் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது? கொயந்தைய இப்டி கட்டிப் போட்டுக்கீற?"

"உங்க வேலையப் பாருங்க," என்று சீறினேன்.

அவர் என்னிடம் பேச்சை வளர்க்கவில்லை. என் மகள் முன்னால் குனிந்து, "கயட்டவா பாப்பா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். நான்கு ஊக்குகளையும் கழற்றி என் கையில் வைத்தார்.

மேடையில் மற்ற மரங்கள் விறைத்து நிற்க, இவள் மட்டும் கைகளை உதறிக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிஸ் என்னை முறைத்தார். இந்தத் தடவை நானும் முறைத்தேன்.

மிஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் வாயால் சொன்னதோடு சரி. ஊக்கு குத்தியது நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க, பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் வர வேண்டியிருந்தது.